சாழலும் ஊமைப் பெண்ணும்

1

ஈழத்திலிருந்து தில்லைக்கு அழைத்து வரப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவளுக்குப் பெயர் இல்லை. அரசனின் மகள், பௌத்த வீட்டுப் பெண், பிறவி ஊமை - இவ்வளவுதான் நமக்குத் தரப்படும் தகவல். கடவுள் மாமுனிவரின் திருவாதவூரர் புராணத்தில் ஏழு சருக்கங்கள். ஆறாவதான 'புத்தரை வாதில் வென்ற சருக்க'த்தில் அவள் வாய் திறக்கிறாள். அவள் பேசி முடிப்பதற்கும் வாதம் முடிவதற்கும் சரியாக இருக்கிறது. அதற்குப் பின் அவள் தனக்காக என்ன பேசினாள் என்பதில் யாருக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

கதை தெரிந்ததுதான். ஈழத்தில் ஒரு சிவனடியார் நின்றாலும் இருந்தாலும் பொன்னம்பலம், பொன்னம்பலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். செய்தி அரசன் காதுக்குப் போகிறது. அரசனுடைய பௌத்த குரு, தில்லைக்கே போய் வாதில் வென்று அந்த அம்பலத்தைப் புத்தனுக்கு ஆக்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறார். அரசனும் ஊமை மகளை அழைத்துக்கொண்டு உடன் வருகிறான். தில்லைவாழ் அந்தணர்கள் கலங்குகிறார்கள். வாதவூரரை அழைக்கும்படி அவர்களுக்குக் கனவில் உத்தரவாகிறது. சோழன் முன்னிலையில் சபை கூடுகிறது. புத்தர்களை நேரில் பார்ப்பது தகாது என்று அடிகள் நடுவில் திரை போடச் சொல்கிறார். வாதம் முற்றி நிந்தையாகும்போது, இவர்கள் நாவை விட்டு நீங்கு என்று கலைமகளுக்கு ஆணையிடுகிறார். வந்தவர்கள் அனைவரும் ஊமையாகிறார்கள். இப்போதுதான் ஈழத்து அரசனுக்கு மகள் ஞாபகம் வருகிறது. பேசத் தெரிந்தவர்களை ஊமையாக்கினீர். என் ஊமைப் பெண்ணைப் பேச வைத்தால் உமக்கு நான் ஆள் என்கிறான். அடிகள் அவளை அழைத்து, புத்தர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல் என்கிறார். அவள் சொல்கிறாள். அந்தக் கேள்வி பதில்களே திருவாசகத்தின் திருச்சாழல் என்பது ஐதீகம்.

இதை அற்புதம் என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். அற்புதத்தைப் பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அந்தப் பெண் நிற்கும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் வேறு விஷயங்கள் புலப்படுகின்றன. கடல் கடந்து வந்த பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண். (வயதை நானாகத்தான் வைத்துக்கொள்கிறேன். சாழல் அந்த வயதுப் பெண்களின் விளையாட்டு.) தெரியாத ஊர், தெரியாத தெய்வம், தெரியாத சடங்கு. உடன் வந்தவர்களில் ஒருவர்கூட அவளுக்காக வந்தவரில்லை. குரு வாதத்துக்காக வந்தவர். அவருக்கு அவள் ஒரு மூட்டை. தகப்பன் குருவுக்காக வந்தவன். எதிர்ப்பக்கத்தில் அந்தணர்களும் சோழனும் திரைக்கு அப்பால் அடிகளும். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் கட்சி எதுவும் இல்லாத ஒரே ஆள் அவள்தான். பந்தயப் பொருளாக வைக்கப்பட்டவளும் அவள்தான்.

அவள் பிறவி ஊமை என்கிறது கதை. தமிழ் அறியாத ஒரு சிங்களச் சிறுமியைத் தில்லை வீதியில் கொண்டுவந்து நிறுத்தினால் அவளும் ஊமைதானே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது சரித்திரம் இல்லை, யூகம்தான். ஆனால் இந்த யூகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் கதையின் மௌனங்கள் பேச ஆரம்பிக்கின்றன.

2

முதலில் கவிதை. திருச்சாழலில் இருபது பாட்டுகள். 'தில்லையில் அருளியது' என்பது பழைய தலைக்குறிப்பு. ஒவ்வொரு பாட்டிலும் முதல் இரண்டு அடி ஒருத்தி கேட்பது. அடுத்த இரண்டு அடி இன்னொருத்தி சொல்வது. கேட்பவள் கேலியாகத்தான் கேட்கிறாள். உங்கள் ஆள் ஏன் சாம்பலைப் பூசிக்கொள்கிறான், ஏன் பாம்பைக் கட்டிக்கொள்கிறான், சுடுகாட்டில் இருக்கிறான், பிச்சை எடுக்கிறான், உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான், இவனா கடவுள்? பதில் சொல்கிறவள் சளைக்கவில்லை. அந்தக் குறைகளையே எடுத்து நிறைகளாக்கித் திருப்பி வீசுகிறாள்.

இந்த வடிவம் மாணிக்கவாசகருக்கு மட்டும் சொந்தமானதல்ல. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியிலும் ஒரு சாழல் பதிகம் உண்டு. அங்கே கேலிக்கு ஆளாகிறவன் ராமனும் கண்ணனும். காட்டில் திரிந்தவன், வெண்ணெய் திருடி உரலில் கட்டுண்டவன், தூது போனவன் என்று ஒருத்தி இழுக்கிறாள். மற்றவள் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறாள். சைவத்திலும் வைணவத்திலும் ஒரே அச்சில் இது இருப்பதால் இரண்டுக்கும் முன்னால் தெருவில் இருந்திருக்க வேண்டும். பெண்கள் கை கோத்தோ கை கொட்டியோ ஆடிய ஒரு வாய்விளையாட்டு. ஒருத்தி மடக்குவாள், மற்றவள் விடுவிப்பாள். திருவாசகத்தில் அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், பூவல்லி, உந்தி, தோணோக்கம், ஊசல் என்று பெண்களின் ஆட்டமும் வேலையும் வரிசையாக வருகின்றன. சாழல் அவற்றில் ஒன்று.

விளையாட்டின் விதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் இருவரும் சமம். கேட்பவளுக்கு நாக்கு கூராக இல்லையென்றால் ஆட்டம் கிடையாது. மாணிக்கவாசகர் இதை நன்றாக அறிந்திருக்கிறார். கேள்வி அடிகள் இளைத்துப்போக அவர் விடவில்லை. சில பாட்டுகளில் பதிலைவிடக் கேள்வி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். இருபது பாட்டிலும் தோற்றவள் என்று யாரும் இல்லை. இன்னொன்று: இருபது பாட்டிலும் புத்தர் என்ற சொல்லே வருவதில்லை. புத்தனை அவர் பெயர் சொல்லி இகழ்வது தோணோக்கத்தில். சாழலில் எதிரி சமயம் கிடையாது. எதிரே தோழி இருக்கிறாள், அவ்வளவுதான்.

மாணிக்கவாசகர் காலம் பற்றிய சண்டை ஓயாதது. ஒன்பதாம் நூற்றாண்டு என்பதைப் பெரும்பான்மையோர் ஒப்புக்கொள்கிறார்கள். திருவாதவூரர் புராணம் பதினைந்தாம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. ஆக நடுவில் சுமார் அறுநூறு வருஷங்கள். இந்த அறுநூறு வருஷத்தில் இரண்டு பெண்களின் விளையாட்டு ஒரு சபையில் நடந்த வாதமாக மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றத்துக்குக் கொடுத்த விலை என்ன? இரண்டு பெண்களில் ஒருத்தி காணாமல் போனாள்.

யார் என்ன பேசுகிறார்கள் என்று பாருங்கள். புத்தர்கள் ஊமையாகிவிட்டார்கள். ஆகவே அவர்களுடைய கேள்விகளை அடிகளே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவன் ஏன் சாம்பல் பூசுகிறான் என்ற பௌத்தக் கேலி சைவ ஞானியின் வாயிலிருந்து வருகிறது. அதற்கான சைவப் பதில் பௌத்தப் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. அந்தச் சபையில் யாரும் தம்முடைய சொல்லைப் பேசவில்லை. அடிகளுக்கு இதனால் நஷ்டமில்லை, கேள்வி பதில் இரண்டும் அவர் பாட்டுத்தான். அந்தப் பெண்ணுக்கோ வாய் மட்டும் கிடைத்தது, சொல் கிடைக்கவில்லை. புராணக்காரர் இதை உத்தேசித்து எழுதியிருக்கமாட்டார். ஆனால் ஒரு விளையாட்டை வெற்றியாக மாற்றப்போகும்போது இது தானாக வந்து விழுந்துவிடுகிறது.

3

இந்தக் கதைக்கு நேர் எதிராக, கடலின் அடுத்த பக்கம் பார்த்தபடி, நம்மிடம் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. புகாரில் உதயகுமரன் துரத்த, உவவனத்துப் பளிக்கறையில் ஒளிந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத் தீவில் வைத்துவிட்டுப் போகிறது. விழித்துப் பார்த்தால் தெரியாத கடற்கரை. துணை இல்லை. சுதமதியைக் கூப்பிடுகிறாள்; பதில் இல்லை. சாத்தனார் இந்த இடத்தை அவசரப்படாமல் எழுதுகிறார். மணல், புன்னை, நீர்ப்பறவை எல்லாம் நம் நெய்தல் நிலம்தான். இருந்தாலும் அந்நியமாக இருக்கிறது. வேறு உலகம் என்பது முழுக்கப் புதிதாக இருக்க வேண்டியதில்லை, தெரிந்த பொருள்கள் நம்மைத் தெரியாதவை போல நின்றால் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தோழி சுதமதியின் கதையும் இதேதான். சண்பை நகரத்துப் பார்ப்பனப் பெண். பூப்பறிக்கப் போன இடத்தில் மாருதவேகன் என்ற விஞ்சையன் தூக்கிப் போய், பிறகு கைவிட்டவள். தானே ஒரு முறை வேறு உலகத்தில் விடப்பட்டவள் இன்னொருத்திக்குத் துணையாக இருக்கிறாள். துணை என்ற சொல்லுக்கு இதைவிடக் கறாரான விளக்கம் எனக்குத் தெரியாது. தில்லைக்கு வந்த ஊமைப் பெண்ணுக்கு ஒரு சுதமதி இல்லை. கதையில் அவளைத் தவிர வேறு பெண்ணே இல்லை, கலைமகளை நீக்கினால். கலைமகளும் உத்தரவுக்குப் போய் உத்தரவுக்கு வருகிறவள்தான்.

மணிபல்லவத்தில் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. வேற்றுரு எடுக்க ஒன்று, வானத்தில் போக ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. வேற்றுரு எதற்கு என்பதற்குத் தெய்வம் சொல்லும் காரணம் முக்கியமானது: நீ இளையவள், வளை போட்டவள் என்று எண்ணி எந்தச் சமயத்தாரும் உனக்குத் தங்கள் மெய்ப்பொருளைச் சொல்லமாட்டார்கள். ஆகவே வஞ்சியில் சமயக் கணக்கரைச் சந்திக்கும்போது அவள் ஆண் துறவியின் உருவத்தில் போகிறாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை வரிசையாகக் கேட்கிறாள். அவர்கள் சொல்கிறார்கள். சைவவாதியும் வரிசையில் நின்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அங்கே பௌத்தப் பெண் தமிழ்நாட்டிலிருந்து தீவுக்குப் போகிறாள், இங்கே தீவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறாள். அங்கே அவள் கேட்கிறாள், சைவன் பதில் சொல்கிறான். இங்கே சைவர் கேட்கிறார், அவள் பதில் சொல்கிறாள். அங்கே பேசுவதற்காகப் பெண்ணுருவை மறைக்க வேண்டியிருந்தது. இங்கே அது மறைக்கப்படவில்லை, ஆனால் பேச்சு அவளுடையது இல்லை. கடவுள் மாமுனிவர் மணிமேகலையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு பண்பாடு தன்னுடைய பழைய கதையை மறந்த பின்னும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பதுதான் என் கட்சி.

மணிமேகலையை ரொம்பவும் உயர்த்திவிடவும் வேண்டாம். காவியத்தின் கடைசிக் காதைகளில் அறவண அடிகள் தருக்கமும் பவத்திறமும் சொல்லிக்கொண்டே போகிறார். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கேள்வி கேட்டவளுக்குக் கிடைத்த பரிசு நீண்ட மௌனம். ஆனால் அது தானே தேடிப் போய் அடைந்த மௌனம்.

4

தமிழில் சமய வாதம் செய்த பெண்களைக் கணக்கெடுத்தால் வேடிக்கையான ஒரு பட்டியல் கிடைக்கிறது. பௌத்தத்துக்கு மணிமேகலை, குண்டலகேசி. சமணத்துக்கு நீலகேசி. குண்டலகேசி நூல் அழிந்து சில பாட்டுகளே மிஞ்சியிருக்கின்றன. அவளை எதிர்த்து வாதிட்டு வெல்வதற்காகவே எழுதப்பட்ட நீலகேசி முழுதாகக் கிடைத்து, 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பில் அச்சாயிற்று. பழையனூர்ப் பேயாக இருந்தவள் சமண முனிவரிடம் அறம் கேட்டு, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர்களை மடக்குகிறாள். கறாரான தருக்கம், கூசாத நாக்கு. மணிமேகலைக்குத் தேவைப்பட்ட ஆண்வேஷம் இவளுக்குத் தேவைப்படவில்லை.

சைவத்தின் பங்குக்கு யார்? மங்கையர்க்கரசி வாதத்தை ஏற்பாடு செய்கிறாள். வாதிடுவது பாலகனான சம்பந்தர். காரைக்காலம்மை நம் மொழியின் பெரிய கவி, சந்தேகமில்லை. ஆனால் அவள் தசையை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் கதைக்குள் சௌகரியமாகப் பொருந்துகிறாள். சபையில் நின்று புத்தர்களுக்குப் பதில் சொன்ன சைவப் பெண் என்று பார்த்தால் இந்த ஊமைப் பெண் ஒருத்திதான். அவளும் பேசுவதற்கு ஒரு நிமிஷம் முன்பு வரை சைவப் பெண் இல்லை.

குண்டலகேசியும் நீலகேசியும் மணிமேகலையும் பேசியதை அவரவர் சமயத்து ஆண்கள்தான் எழுதினார்கள் என்பதை நான் மறக்கவில்லை. நாதகுத்தனாரும் சாத்தனாரும் தம் சொல்லைத்தான் அந்தப் பெண்கள் வாயில் வைத்தார்கள். என்றாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பெண்கள் கற்று, சந்தேகப்பட்டு, யோசித்துப் பேசினார்கள் என்று நம்பவைக்க அந்தக் கவிகள் பாடுபட்டார்கள். ஊமைப் பெண் யோசித்தாள் என்று யாரும் சொல்லவில்லை. யோசிக்காமல் பேசினாள் என்பதுதான் அங்கே அற்புதம்.

5

சிதம்பரத்துக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், நான் வேலை பார்க்கும் கடலூரில், இந்த ஏற்பாட்டின் முந்தைய வடிவம் ஒன்று இருக்கிறது. கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுத்திரம். காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்டபோது, சக வருஷம் 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் என்ற நூலை முடித்தது இங்கேதான். உலகங்களின் அமைப்பைச் சொல்லும் நூல். நாம் இருக்கும் தீவு, அதைச் சுற்றிக் கடல், அதற்கு அப்பால் வேறு தீவு என்று அடுக்கடுக்காகப் போகும் சமண உலகக் கணக்கு. கெடிலக்கரையில் உட்கார்ந்து ஒருவர் வேற்று உலகங்களை யோசனைக் கணக்கில் அளந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

இந்தச் சமணப் பள்ளிக்குத்தான் மருணீக்கியார் போய்த் தருமசேனர் ஆனார். அவருடைய அக்கா திலகவதியின் கதை பெரிய புராணத்தில் வருகிறது. பன்னிரண்டு வயதளவில் கலிப்பகையாருக்கு நிச்சயம் பேசுகிறார்கள். மணம் நடப்பதற்குள் அவர் போருக்குப் போகிறார். தகப்பன் இறக்கிறார், தாய் இறக்கிறாள், போர்க்களத்தில் கலிப்பகையாரும் இறந்த செய்தி வருகிறது. உயிரை விடத் துணிந்தவளைத் தம்பி காலில் விழுந்து தடுக்கிறான். நீ போனால் உனக்கு முன் நான் போவேன் என்கிறான். அவள் இருக்கச் சம்மதிக்கிறாள். பிறகு அந்தத் தம்பிதான் சமணனாகிப் பாடலிபுத்திரத்துக்குப் போய்விடுகிறான். யாருக்காக உயிரோடு இருந்தாளோ அவன் வேறு உலகத்தில். சேக்கிழார் இதை வியாக்கியானம் செய்யாமல் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போகிறார். அதுவே போதுமானதாக இருக்கிறது.

தருமசேனருக்குச் சூலைநோய் வருகிறது. சமணர்கள் மந்திரித்த நீரும் மயிற்பீலியும் கொண்டு தங்களால் ஆனதைச் செய்துவிட்டு, முடியாமல் கைவிடுகிறார்கள். அவர் சமையற்காரனை அக்காவிடம் அனுப்புகிறார். அவளோ அமணர் இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். எனக்கு இந்த மறுப்பு முக்கியமாகப் படுகிறது. தமிழ்ப் புராணங்களில் ஒரு பெண் தன் இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லி, அதன் பேரில் கதை அவளை நோக்கி நகர வேண்டியிருக்கும் இடம் இது. தருமசேனர் பாயையும் உறியையும் பீலியையும் போட்டுவிட்டு, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடக்கிறார். இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 25 கிலோமீட்டர். திலகவதி திருநீறு கொடுக்கிறாள். அப்பர் பாடுகிறார்.

அவளும் தன் பாட்டு என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லை. ஆனால் சேக்கிழாருக்கு அவள் யார் என்று தெரிந்திருந்தது. பெயர் உண்டு, இழப்பு உண்டு, வரமாட்டேன் என்ற சொல் உண்டு. பின்னால் இதே சேக்கிழார், பல்லவ அரசன் பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்து அந்தக் கற்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணதரவீச்சரம் கட்டினான் என்றும் சொல்கிறார். ஒரு பக்கத்துக் கல் அடுத்த பக்கத்துக் கோயிலாகிறது. தில்லைக் கதையில் கல்லுக்குப் பதில் நாக்கு.

6

இனி, ஈழத்துப் பெண்கள் சோழ நாட்டுக்கு உண்மையில் எப்படி வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புராணத்தில் அவள் தகப்பனோடு, பரிவாரத்தோடு வருகிறாள். கல்வெட்டில் அப்படி இல்லை.

ராஜேந்திர சோழன் படை 1017இல் ஐந்தாம் மகிந்தனை அவன் முடியோடும் அரசியோடும் பிடித்துவந்தது. பன்னிரண்டு வருஷம் சோழ நாட்டிலேயே இருந்து, 1029இல் இங்கேயே அவன் இறந்தான் என்று சிங்களரின் சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது. ராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி இன்னும் வெளிப்படை. ஈழத்து அரசன் ஒருவனுடைய வீட்டுப் பெண்கள் பிடிபட்டதையும், அவன் தாயின் மூக்கு அறுக்கப்பட்டதையும் அது வெற்றிகளில் சேர்த்துப் பெருமையாகச் சொல்கிறது. அரண்மனையைச் சார்ந்து 'வேளம்' என்ற பெயரில் பெண்களின் குடியிருப்புகள் இருந்ததைச் சோழர் கல்வெட்டுகளே காட்டுகின்றன. அங்கே இருந்தவர்களில் போரில் பிடித்துவரப்பட்டவர்களும் உண்டு என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து.

இந்தப் பெண்கள் என்ன மொழி பேசினார்கள்? ஜெயங்கொண்டார் ஒரு தடயம் விட்டுப் போயிருக்கிறார். கலிங்கத்துப் பரணியின் கடைதிறப்பில் பல தேசத்துப் பெண்களைக் கதவு திறக்கக் கூப்பிடுகிறார். அதில் கருநாட்டுப் பெண்கள் வடுகும் தமிழும் கலந்து குழறுவதை மழலை என்று ரசிக்கிறார். பரணியில் எனக்கு மிகவும் சங்கடம் தரும் இடம் இது. தெரியாத மொழியில் சோறு கேட்க, தண்ணீர் கேட்க, தப்பிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தியின் திணறல் கவியின் காதுக்கு இனிக்கிறது. அவர் காது நல்ல காது, பதிவு துல்லியமானது. அதனால்தான் சங்கடம்.

ஈழத்திலிருந்து சோழ நாட்டுக்கு வந்த அரச குடும்பத்துப் பெண் என்ற உருவம் இப்படி ரத்தமும் சதையுமாக இந்த மண்ணில் இருந்திருக்கிறது. நானூறு வருஷம் கழித்து எழுதப்பட்ட ஒரு புராணத்தில், மகளோடு தில்லைக்கு வரும் ஈழத்து அரசன் தென்படும்போது, பழைய ஞாபகம் ஒன்று வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று சந்தேகிக்க இடம் உண்டு. நிரூபிக்க முடியாது. ஆனால் போரில் பிடித்துவந்த பெண்ணைவிட வாதத்தில் தோற்ற அரசனின் மகள் பார்ப்பதற்குச் சுலபமானவள். அவள் அழுவதில்லை, நமக்குப் பிடித்ததைப் பேசுகிறாள்.

7

பௌத்தர்களை ஊமையாக்கியதாகக் கதை சொல்கிறது. கடற்கரையில் அவர்கள் உடனே மௌனமாகிவிடவில்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்த ஊரில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பௌத்தப் படிமங்கள் சுமார் 350. பதினைந்தாம் நூற்றாண்டில்கூடப் பர்மாவிலிருந்து வந்த பிக்குகள் கப்பல் உடைந்து கரையோரமாக நடந்து நாகப்பட்டினத்தைப் பார்த்துவிட்டுப் போனதைக் கல்யாணிக் கல்வெட்டுச் சொல்கிறது. திருவாதவூரர் புராணம் எழுதப்பட்ட நூற்றாண்டும் ஏறக்குறைய அதுதான்.

அதற்குப் பிறகு வந்த மௌனம் நிஜமானது. எவ்வளவு நிஜம் என்பதை உ.வே. சாமிநாதையர் கண்டார். மணிமேகலைச் சுவடி அவர் கையில் இருந்தது, தமிழ் முழுவதும் அவர் கையில் இருந்தது, ஆனால் நூல் பேசவில்லை. பௌத்தம் தெரிந்த தமிழர் யாரும் அவருக்கு அகப்படவில்லை. கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியார் பௌத்தத்தைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து அவருக்கு விளக்கினார். 1898இல் மணிமேகலை அச்சில் வந்தது. தமிழில் எழுதப்பட்ட ஒரு தமிழ்க் காவியம் இங்கிலீஷ் வழியாகத் தமிழருக்குப் புரிந்தது. ஊமைப் பெண் மறுபடி பேசினாள், இந்த முறையும் கடல் கடந்த வேறு ஒருவர் சொல்லின் உதவியால்.

இங்கிலீஷ் பி.ஏ. படித்துவிட்டுத் தமிழில் விமர்சனம் எழுத வந்த என் போன்றவர்களுக்கு இதில் சிரிக்க இடமில்லை. எங்கள் கல்லூரிகள் எங்களுக்குச் செய்ததும் ஒரு விதத்தில் இதுதான். ஒரு கவிதையைப் பற்றிக் கேட்டால் எலியட்டோ ரிச்சர்ட்ஸோ சொன்ன பதில் எங்கள் வாயிலிருந்து தங்குதடையின்றி வந்தது. கேட்டவர்கள் பிள்ளை பேசிவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்கள். பேசினவன் யார் என்று கண்டுபிடிக்கப் பத்து வருஷம் ஆகிறது.

வங்கியில் தினமும் நடப்பதையும் சொல்ல வேண்டும். நகைக் கடனுக்கு வரும் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை நான் பூர்த்தி செய்கிறேன். படித்துக் காட்டக் கேட்டு, புரிந்துகொண்டு, சம்மதித்து வைத்த ரேகை என்று ஒரு வாசகம் உண்டு. அந்த வாசகத்தையும் நானே எழுதி, அதன் கீழே அந்த அம்மாளின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து வைக்கிறேன். காகிதத்தில் அவள் 'நான்' என்று பேசுகிறாள். ஒரு தடவை ஒரு கிழவி, "எல்லாம் நீயே சொல்லிட்ட, நான் ஒண்ணு கேக்கலாமா தம்பி?" என்றாள். வட்டியைப் பற்றி அவள் கேட்ட கேள்வி, விண்ணப்பத்தில் இருந்த எல்லாவற்றையும்விடப் புத்திசாலித்தனமாக இருந்தது. அதை எழுத விண்ணப்பத்தில் இடம் இல்லை.

சாழலிலும் இதுதான் விஷயம். பதில்களை எல்லோரும் போற்றிவிட்டார்கள். உரைகள் பதில் அடிகளில் தத்துவத்தை அகழ்ந்து எடுக்கின்றன. 1900இல் திருவாசகத்தை இங்கிலீஷில் பெயர்த்த போப் ஐயரும் இந்த ஊமைப் பெண்ணின் கதையை விடாமல் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். கேள்வி கேட்டவளைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அவளைப் புத்தர் வாதம் என்ற ஒரு கணக்கில் எழுதி மூடிவிட்டோம்.

கவிதையைக் கதையிலிருந்து பிரித்து எடுக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. பிரித்தால் திருச்சாழல் சிறுத்துப்போகாது. கைகொட்டி நிற்கும் இரண்டு பெண்கள் திரும்பக் கிடைப்பார்கள். ஒருத்தி தன் தெய்வத்தின் மேல் பைத்தியமாக இருக்கிறாள். மற்றவள் அந்தப் பைத்தியத்தைக் கண்டு சிரிக்கிறாள், சந்தேகப்படுகிறாள், விட்டுப் போகாமல் நிற்கிறாள். இருபது பாட்டு வரை கூடவே நிற்கிறாள். பக்திக் கவிதைக்குள் சந்தேகத்துக்கு இவ்வளவு கௌரவமான இடம் வேறெங்கும் கொடுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மாணிக்கவாசகர் தந்த அந்த இடத்தைப் புராணம் பிடுங்கிக்கொண்டது.

தில்லைக்கு வந்த பெண்ணுக்குத் தேவைப்பட்டதும் அப்படி ஒரு தோழிதான். அற்புதம் செய்கிறவர் அவளுக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று, தெரிந்த மொழியில், இவன் ஏன் சாம்பல் பூசியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே கேட்க ஒருத்தி இருந்திருந்தால், அந்தப் பெண் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பது நமக்குத் தெரியாது. திருச்சாழலின் இருபது பதில்களாக அது நிச்சயம் இருந்திராது.